சைக்கிள் சந்தேகங்கள்: ஓட்டை எந்தப் பக்கம்?

கேள்வி: ஒரே மாதத்தில் பின் சக்கரம் மூன்று முறை பஞ்சர். ஒட்டி இரண்டு நாளில் மறுபடி காற்று இறங்கிவிடுகிறது. டயரையே மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். டியூபை உருவுவதற்கு முன், வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். செயின் பக்கம் எது என்று டியூபிலும் குறித்துக்கொள்ளுங்கள். காற்றடித்துத் தண்ணீரில் முக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். அது வால்விலிருந்து எத்தனை சாண் என்று அளந்து, டயரிலும் அதே தூரத்தில் தேடுங்கள்.

ஓட்டை தரைப் பக்கமாக இருந்தால் முள்ளோ கண்ணாடிச் சில்லோ இன்னும் டயரிலேயே இருக்கலாம். நுனி ஒடிந்து ரப்பருக்குள் புதைந்த முள் கண்ணுக்குத் தெரியாது. ஆள் ஏறி உட்கார்ந்தால்தான் குத்தும். விரலால் தடவிக் கிழித்துக்கொள்ள வேண்டாம். பழைய பனியன் துணியை டயரின் உள்பக்கம் முழுக்க ஓட்டுங்கள், முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டி இழுக்கும். உங்கள் வண்டியில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

ரிம் பக்கம் ஓட்டை என்றால் டயர் மேல் பழியில்லை. ரிம்மின் உள்ளே ஸ்போக் நுனிகளை மூடியிருக்கும் பட்டையான ரிம் டேப் விலகியிருக்கும், அல்லது ஸ்போக் கம்பியின் நுனி நீட்டிக்கொண்டிருக்கும். நுனியை அரத்தால் ராவி, டேப்பை மாற்றுங்கள். பாம்பு கடித்த மாதிரி அருகருகே இரண்டு ஓட்டை இருந்தால், காற்றுக் குறைவாக ஓட்டிப் பள்ளத்தில் விட்டிருக்கிறீர்கள். ரிம்முக்கும் டயருக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. வால்வின் அடியிலேயே கிழிந்தால் ஒட்டு நிற்காது, டியூபைத்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: பஞ்சர் பார்க்கப் பின் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டுமா? திரும்ப மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

பதில்: ஒட்டுவதற்கு மட்டும் என்றால் வேண்டாம். வண்டியைக் கவிழ்த்து வைத்து, டயரின் ஒரு விளிம்பை மட்டும் வெளியே எடுத்தால் டியூபை உருவி ஒட்டிவிடலாம். டியூபோ டயரோ மாற்றும்போதுதான் கழற்றும் வேலை.

நட்டு போட்ட சக்கரத்துக்கு பெரும்பாலும் 15 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும். இரண்டு நட்டையும் தளர்த்திச் சக்கரத்தை முன்னால் தள்ளினால் செயின் கழன்று வரும். மாட்டும்போது சக்கரத்தைப் பின்னால் இழுத்து, செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக ஒரு சென்டிமீட்டர் ஆடும்படி வையுங்கள். ரிம் இரண்டு பக்கச் சட்டத்துக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முதலிலேயே முழுக்க இறுக்கினால் சக்கரம் கோணிக்கொண்டு டயர் சட்டத்தில் உரசும்.

கியர் வண்டி என்றால் முதலில் செயினைப் பின்னால் உள்ள மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள். கழற்றும்போதும் மாட்டும்போதும் செயின் அதில்தான் இருக்க வேண்டும். டிஸ்க் பிரேக் வண்டியில் சக்கரம் இல்லாத நேரத்தில் பிரேக் பிடியைத் தொடவே கூடாது. பிடித்தால் பேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், டிஸ்க் உள்ளே நுழையாது.

கேள்வி: நல்ல சொல்யூஷன் வாங்கித்தான் ஒட்டுகிறேன். ஆனாலும் ஒட்டின் ஓரம் பெயர்ந்துவிடுகிறது.

பதில்: காய்வதற்குள் ஒட்டுகிறீர்கள். இது ஈரத்தோடு ஒட்டும் காகிதப் பசை இல்லை. முதலில் உப்புத்தாளால் டியூபின் மினுமினுப்புப் போகத் தேயுங்கள்; தடித்த வார்ப்புக் கோடு குறுக்கே வந்தால் அதையும் மட்டமாக்குங்கள். ஒட்டைவிடச் சற்று அகலமாக, மெல்லியதாகத் தடவி 5 நிமிடம் விடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் படிந்துவிடும். ஈரப் பளபளப்பு மங்கிய பிறகு ஒட்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். மேலே இருக்கும் கண்ணாடித்தாளை உரிக்க வேண்டாம், உரிக்கும்போதுதான் ஓரம் கிளம்பும். ஒட்டிய கையோடு டியூபை வெளியே வைத்துப் பலூன் மாதிரி ஊதிப் பார்ப்பதும் தவறு. டியூப் விரியும், ஒட்டு விரியாது.

கேள்வி: டயரை ஏற்றும்போது கடைசி ஒரு சாண் ஏறவே மாட்டேன் என்கிறது. நெம்பினால் புது டியூபும் ஓட்டையாகிறது.

பதில்: நீங்கள் வால்வுக்கு எதிர்ப் பக்கத்தில் முடிக்கிறீர்கள். வால்வு இருக்கும் இடத்தில் டயரின் விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறங்காது. எனவே எதிர்ப் பக்கம் தொடங்கி வால்வில் வந்து முடியுங்கள். மற்ற இடமெல்லாம் விளிம்பைப் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வந்தால் கட்டைவிரலே போதும். டியூபில் லேசாகக் காற்று இருக்கட்டும். ஏறியதும் வால்வை ஒருமுறை உள்ளே அமுக்கி விடுங்கள், அடியில் சிக்கிய டியூப் விடுபடும்.

கேள்வி: ஓட்டையே இல்லை. ஆனால் ராத்திரி அடித்த காற்று காலையில் இருப்பதில்லை.

பதில்: வால்வின் வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி விட்டால், உள்ளே இருக்கும் வால்டியூப் என்ற சின்ன ரப்பர் குழாய் இற்றுப்போயிருக்கும். புதிதாக ஒன்று மாட்டுங்கள்.