பிரஷர் உள்ளவருக்கு ஈசிஜி நார்மல் என்றால் இதயம் பெரிதாகவில்லை என்று அர்த்தமா?

பத்து வருஷமாக பிரஷர் மாத்திரை சாப்பிடும் அப்பாவுக்கு ஈசிஜி நார்மல், அதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்து நம்ப வேண்டாம்.

ரத்த அழுத்தம் கூடினால், உடம்புக்கு ரத்தத்தை அனுப்பும் இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதல் பலம் கொடுத்து ரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது, நாளாக நாளாக மூட்டை தூக்குகிறவரின் புஜம் மாதிரி அதன் சுவர் தடித்துப்போகிறது. இந்தத் தடிப்பு பல பேருக்கு உள்பக்கமாக ஏறுவதால் எக்ஸ்ரேயில் இதயம் வழக்கமான அளவிலேயே தெரியும்.

ஈசிஜி தாளில் வி1, வி5, வி6 என்பவை நெஞ்சில் வெவ்வேறு இடங்களில் ஒட்டும் பட்டைகளின் பதிவுகள். வி1-இல் கீழே இறங்கும் எஸ் என்ற அலையையும், வி5 அல்லது வி6-இல் மேலே ஏறும் ஆர் என்ற அலையையும் சின்னக் கட்டங்களாக (ஒரு கட்டம் 1 மி.மீ.) எண்ணிக் கூட்டுவார்கள், 35 மி.மீ. அல்லது அதற்கு மேல் வந்தால் சுவர் தடித்திருக்கலாம் என்று சந்தேகப்படுவார்கள். ஆனால் பருமனான உடம்பில் அலைகள் சிறிதாகத்தான் பதிவாகும், தடிப்பு இருந்தும் கண்ணுக்குத் தப்பிவிடும். ஒல்லியான இளைஞருக்கோ ஒரு கோளாறும் இல்லாமலே 35-ஐத் தாண்டும்.

அதனால் டாக்டரிடம் எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். அதில் சுவரையே அளந்துவிடலாம், வலியில்லை, ஊசியில்லை. ரிப்போர்ட்டில் இரண்டு கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரின் தடிமனைப் பாருங்கள், ஆண்களுக்கு 10, பெண்களுக்கு 9 மி.மீ. வரை சாதாரணம். அதற்கு மேல் இருந்தாலும் பயந்துவிடாதீர்கள், பிரஷரை ஒழுங்காகக் கட்டுக்குள் வைத்தால் பலருக்கும் இந்தத் தடிப்பு மெல்லக் குறைகிறது. அப்புறம், மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு வலிக்கவில்லை என்று அப்பா சொல்வதை வைத்துத் தள்ளிப்போடாதீர்கள், ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இருக்காது.