மூன்று மாதம் ஒரே நோட்டில் கணக்கு எழுதுங்கள்

தொழில் தொடங்குவோரின் கேள்விகளுக்கு நம் பத்தியாளர் பதில் சொல்கிறார். கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். பிறகு ஆடிட்டர் அலுவலகத்தில் பல வருடம் கூட்டு ஒப்பந்தங்கள் எழுதியவர்.

ஐயா, விவசாய மோட்டாரை செல்போனிலிருந்து ஓட்டும் கருவி ஒன்று செய்திருக்கிறேன். தண்ணீர் வற்றினால் தானாக நிறுத்திவிட்டுத் தகவலும் சொல்லும். 11 தோட்டங்களில் ஓடுகிறது. எனக்குச் செய்யத் தெரியும், விற்கத் தெரியாது. ஒரு கூட்டத்தில் அறிமுகமானவர், 15 லட்சம் போட்டு விற்பனையையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். பாதிக்குப் பாதி கேட்கிறார். நன்றாகப் பேசுகிறார், ஆனால் பழகி 2 மாதம்தான் ஆகிறது. நம்பலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

அம்மணி, 11 தோட்டத்தில் ஓடுகிறது என்பதற்கு முதலில் ஒரு சபாஷ். "நன்றாகப் பேசுகிறார்" என்பதை மட்டும் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. என் கூட்டாளியும் நன்றாகத்தான் பேசுவான்.

பாலிடெக்னிக்கில் பக்கத்துப் பெஞ்சு. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின் போட்டு, பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்தோம். டீட், அதாவது கூட்டு ஒப்பந்தப் பத்திரம், இரண்டே பக்கம். அதில் ஒரு இடத்தில் "நெல், அரிசி வியாபாரம்" என்று இருந்தது. யாருடைய பழைய டீடையோ பார்த்து டைப் அடித்தவர் அதை மாற்ற மறந்திருக்கிறார். நாங்கள் இரண்டு பேருமே படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். சிநேகிதனுக்கு எதற்கு டீட், பேங்க் கேட்கிறது என்பதால்தானே என்ற நினைப்பு.

நாலாவது வருடம் இரும்புக் கடைக்காரர் காலையில் வீட்டுக்கே வந்துவிட்டார். 85 ஆயிரம் ரூபாய் பாக்கி. எங்கள் பட்டறை பெயரில்தான் பில். கம்பி பட்டறைக்கு வரவே இல்லை. கூட்டாளியின் மச்சான் ஷெட்டுக்குப் போயிருக்கிறது. மச்சான் நொடித்துவிட்டார். கூட்டாளி இரண்டு வாரம் கண்ணில் படவில்லை. ஒரு லேத்தை விற்று நான்தான் அடைத்தேன். அவன் திருடன் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். மச்சான் கேட்டபோது மறுக்க முடியவில்லை, என்னிடம் சொல்லவும் வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

கடைக்காரர் என்னிடம் கேட்டதில் தவறே கிடையாது. நம் கூட்டு வியாபாரச் சட்டம் 1932-ல் வந்தது. தொழில் பெயரில் ஒரு கூட்டாளி வாங்கும் கடனுக்கு எல்லாக் கூட்டாளிகளும் முழுப் பொறுப்பு. உங்கள் பங்கு 10 சதவீதமாக இருந்தாலும் கடன்காரர் முழுத் தொகையையும் உங்களிடம் கேட்கலாம், உங்கள் வீடு வரைக்கும் வரலாம்.

ஆப்பிள் கம்பெனி தொடங்கியபோது மூன்றாவதாக ஒரு கூட்டாளி இருந்தார், ரொனால்ட் வேய்ன். 1976 ஏப்ரல் 1 அன்று ஒப்பந்தம். ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் வோஸ்னியாக்குக்கும் ஆளுக்கு 45, இவருக்கு 10 சதவீதம். 12 நாளில் விலகி, தன் பங்கை 800 டாலருக்குக் கொடுத்துவிட்டார். உலகமே அவரை ஏமாளி என்கிறது. எனக்கென்னவோ அவர் மேல் மரியாதைதான். ஒரு கடையின் ஆர்டரை நம்பி ஜாப்ஸ் உதிரிப் பாகங்களைக் கடனுக்கு எடுத்தார். ஆர்டர் சொதப்பினால் கடன்காரர் யார் வீட்டுக்கு வருவார்? மற்ற இரண்டு பேரிடமும் சொத்து என்று ஒன்றும் இல்லை. வேய்னிடம் இருந்தது. ஏற்கெனவே ஒரு தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவர் வேறு.

அதனால் ஆளைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: சாதாரணக் கூட்டு வேண்டாம். 2008 சட்டப்படி எல்எல்பி, அதாவது கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்பு வைத்த கூட்டு, போடலாம், இல்லையென்றால் பிரைவேட் லிமிடெட். இரண்டிலும் தொழிலின் கடன் பொதுவாக உங்கள் வீட்டு வாசலுக்கு வராது. ஆனால் பேங்கில் லோன் வாங்கும்போது சொந்த ஜாமீன் கையெழுத்துக் கேட்பார்கள். அதைப் போட்டால் போட்டதுதான்.

சரி, ஆளுக்கு வருவோம். அவர் இதற்கு முன் எந்தெந்தக் கம்பெனியில் டைரக்டராக இருந்தார் என்பதை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பார்க்கலாம். வழக்கு இருக்கிறதா என்று இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். சிபில் மாதிரியான கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் பேங்க் விதி. "என்னுடையது இதோ, உங்களுடையதைக் காட்டுங்கள்" என்று முதலில் நீங்கள் நீட்டுங்கள். நீங்கள் நீட்டிய பிறகும் மழுப்பினால் யோசிக்க வேண்டும்.

இதெல்லாம் அரை நாள் வேலை. அதைவிட முக்கியம், அவரிடமிருந்து பணம் வர வேண்டியவர்களைப் பிடிப்பது. வாடிக்கையாளரைக் கேட்காதீர்கள், அவர்கள் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். அவருக்குச் சரக்குப் போட்டவர், ஜாப் ஒர்க் செய்து கொடுத்தவர், அவரிடம் வேலை பார்த்துவிட்டு நின்ற பையன், இப்படி மூன்று பேர் போதும். பணம் முடையான மாதத்தில் என்ன செய்தார் என்று கேளுங்கள். "தாமதமாகத்தான் கொடுத்தார், ஆனால் போன் போட்டால் எடுப்பார்" என்று யாராவது சொன்னால், என் கணக்கில் அது நல்ல சான்றிதழ்.

அடுத்து, மூன்று மாதம். எந்தப் பத்திரமும் இல்லாமல் 20 கருவியை மட்டும் அவரிடம் கொடுங்கள். கிணத்துக்கடவு பக்கம் விற்று வரட்டும், ஒரு கருவிக்கு இவ்வளவு கமிஷன் என்று பேசிக்கொள்ளுங்கள். வரவு செலவு இருவருக்கும் ஒரே நோட்டு. பெட்ரோல், சாப்பாடு, சிம் ரீசார்ஜ் எல்லாம் அன்றன்றைக்கு ஏற வேண்டும். மூன்றாவது வாரத்தில் நோட்டைப் புரட்டுங்கள். சனிக்கிழமை உட்கார்ந்து ஆறு நாள் கணக்கை ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில் எழுதியிருந்தால் தெரிந்துவிடும். ஒரு கருவியாவது திரும்பி வரும், இடி மின்னலில் போர்டு போகத்தான் செய்யும். அப்போது அந்த விவசாயியிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். நாளைக்கு உங்களிடமும் அப்படித்தான் பேசுவார். இந்த மூன்று மாதமும் சர்க்யூட் வரைபடம், மென்பொருள், வாடிக்கையாளர் போன் நம்பர் எல்லாம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

அப்புறம் ஒரு நாள், ஆளுக்கு ஒரு தாளில் தனித்தனியாக எழுதுங்கள்: மாதம் எவ்வளவு எடுப்போம், எப்போதிருந்து எடுப்போம், யார் யாரை வேலைக்குச் சேர்ப்போம், ஒத்துவராவிட்டால் எப்படிப் பிரிவோம். செக்கு எண்ணெய் தொழில் தொடங்க டீட் எழுத வந்த இரண்டு சிநேகிதர்களை அலுவலகத்தில் இப்படி எழுத வைத்தேன். ஒருவர் எழுதியது: "இரண்டாம் மாதத்திலிருந்து 40 ஆயிரம், அண்ணன் பையனுக்கு வேலை." மற்றவர்: "இரண்டு வருடம் ஒரு ரூபாய் எடுக்கக் கூடாது." தாளை மாற்றிப் படித்தார்கள். டீயில் ஆடை படிகிற வரை இருவரும் பேசவில்லை. டீட் எழுதாமலேயே எழுந்து போனார்கள். இன்றைக்கும் தீபாவளிக்கு ஒருவர் வீட்டுப் பலகாரம் மற்றவர் வீட்டுக்குப் போகிறது.

கடைசியாக அந்தப் பாதிக்குப் பாதி. எனக்குப் பிடிக்கவில்லை. 15 லட்சத்தையும் அவர் உழைப்பையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கேட்கிறார், பிரித்துவிடுங்கள். பணத்துக்கு எவ்வளவு பங்கு என்பது ஒரு பேச்சு. விற்பனை வேலைக்கான பங்கு வேறு பேச்சு. அதை அவர் இருந்து சம்பாதிக்க வேண்டும். உழைப்புக்கு 24 சதவீதம் என்று வையுங்கள், வருடத்துக்கு 6 வீதம் நான்கு வருடத்தில் சேருகிற மாதிரி. முதல் வருடம் முடிவதற்குள் போனால் ஒன்றும் கிடையாது. ஒன்றரை வருடத்தில் போனால் 9. இதே நிபந்தனை உங்கள் பங்குக்கும் பொருந்தட்டும், அப்போதுதான் அவர் முகம் சுளிக்காமல் கேட்பார். பேங்க் கணக்கில் ஒரு தொகைக்கு மேல் இருவர் கையெழுத்து. என் பட்டறையில் அந்த இரும்புக் கடை ஆர்டருக்கும் இரண்டு கையெழுத்து இருந்திருந்தால், "பார்ட்னர் சம்மதிக்க மாட்டான்" என்று அவன் மச்சானிடம் சொல்லித் தப்பித்திருப்பான்.

நம்பிக்கையான கூட்டாளி எங்கே கிடைப்பார்? கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறேன், அமையவில்லை.
– வாசகர், ஈரோடு

புதுத் தொழில்களுக்கான தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு நடத்தும் கூட்டங்களுக்கும், தொழில் தொடங்குவோருக்குக் கைகொடுக்கும் கோவை பிஎஸ்ஜி ஸ்டெப் போன்ற இடங்களுக்கும் போவது நல்லதுதான். விசிட்டிங் கார்டு நிறையச் சேரும். ஆனால் நான் டீட் எழுதி, பத்து வருடம் தாண்டி நின்ற கூட்டுகளில் பெரும்பாலானவை முன்பு ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்தது. நைட் ஷிப்டில் மெஷின் நின்றபோது யார் கூட நின்றார் என்பது உங்களுக்கே தெரியும். பழைய கம்பெனி போன் நம்பர்களை ஒரு முறை மேலிருந்து கீழே பாருங்கள். கூட்டாளி இல்லாமலே, சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்த முடியுமா என்றும் கணக்குப் போடுங்கள். பல பேருக்கு முடியும்.

மனைவியின் அண்ணனோடு சேர்ந்து பேக்கரி வைக்கிறேன். எழுத்தில் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று தயக்கம்.
– வாசகர், உடுமலை

கூட்டாளிக்குத் தமிழில் பங்காளி என்றும் ஒரு பெயர் உண்டு. சொத்துக்கு அடித்துக்கொள்ளும் பெரியப்பா, சித்தப்பா மக்களுக்கும் அதே பெயர்தான். சொந்தக்காரர் என்றால் இரண்டு பக்கம் கூடவே எழுத வேண்டும். எழுதாவிட்டால், யார் எவ்வளவு போட்டிருந்தாலும், லாபமும் நஷ்டமும் சரிபாதி என்று சட்டம் வைத்துக்கொள்ளும். உங்களில் ஒருவர் காலமானால், டீடில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, கூட்டே கலைந்ததாகிவிடும். கூட்டைப் பதிவும் செய்துவிடுங்கள். பதியாத கூட்டு, பாக்கி வைத்த கடைக்காரர் மேல் வழக்குப் போட முடியாது. மச்சானிடம் டீட் வேண்டும் என்று நீங்களாகக் கேட்காதீர்கள், ஆடிட்டர் கேட்கிறார் என்று சொல்லுங்கள். அந்தப் பழியை வாங்கிக்கொள்ளவும் சேர்த்துத்தான் எங்களுக்கு ஃபீஸ்.