அத்தாவை வைத்துச் சிரிக்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 20 வயது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி ஆண்டு. அத்தா (அப்பா) கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூர் வந்து தேக்காவில் மளிகைக் கடை ஒன்றில் வேலை பார்த்தவர். போன வருடம் பக்கவாதம் வந்ததில் வலது கை விளங்கவில்லை, பேச்சும் குழறுகிறது. அம்மா கேட்டரிங் சமையலுக்குப் போகிறார். நண்பர்கள் நடத்திய நகைச்சுவை இரவில் எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னேன். என் முக்காட்டைப் பார்த்ததும் ஆஸ்பத்திரியில் எல்லாரும் மலாயில் பேசுவது, அத்தா டாக்டரிடம் குழறுவது எல்லாம் சொன்னேன். நல்ல சிரிப்பு. வீடியோ அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. அம்மா என்னோடு பேசுவதில்லை. அதிகம் சிரித்தால் கல்பு (உள்ளம்) செத்துவிடும் என்கிறார் மாமா. மேடையில் சிரிக்கிறேன், ராத்திரி தூக்கம் வரவில்லை. நிறுத்திவிடவா?
- உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: நிறுத்தாதே. ஒரே ஒரு ஜோக்கை மட்டும் எடுத்துவிடு. எதை என்று உனக்கே தெரியும். அம்மாவுக்கும் அதுதான் வலித்திருக்கும்.

மாமா சொல்வது ஹதீஸில், அதாவது நபிமொழியில், இருப்பதுதான், இல்லை என்று சண்டைக்குப் போகாதே. ஆனால் இதுவும் ஹதீஸில் இருக்கிறது. ஏறிப்போக ஒட்டகம் வேண்டும் என்று ஒருவர் நபிகள் நாயகத்திடம் (ஸல்) வந்தார். "ஒட்டகக் குட்டி ஒன்று தருகிறேன்" என்றார்கள். குட்டியை வைத்து நான் என்ன செய்வேன் என்று அவர் விழிக்க, "எந்த ஒட்டகமும் ஓர் ஒட்டகம் ஈன்ற குட்டிதானே" என்றார்கள். மனைவி கதீஜா நாயகியையும் வளர்த்த பெரியப்பா அபூதாலிபையும் அடுத்தடுத்து இழந்தவர்கள்தான் அவர்கள். கைக்குழந்தை இப்ராஹீம் இறந்தபோது எல்லார் முன்னாலும் கண்ணீர் விட்டவர்களும் அவர்கள்தான். நம் மார்க்கத்தில் துக்க வீட்டுக்காரர்கள் சிரிக்கவே கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை.

அந்த ஒட்டகக் கதையில் கேட்டு வந்தவரும் சேர்ந்து சிரித்திருக்கலாம். உன் கதைகளையும் அப்படிப் பார். மலாய்க் கதையை நானே ரசித்தேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள இந்தியர்களில் நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்கள் முஸ்லிம்கள். இருந்தும் முக்காடு போட்ட பெண் வாய் திறந்து தமிழ் பேசினால் இன்னும் ஆச்சரியப்படுகிறார்கள். கவுண்டரில் மலாயில் கேட்பார்கள், தேக்காவில் "தமிழ் நல்லாப் பேசுறியேம்மா" என்று பாராட்டுவார்கள், ஊருக்குப் போனால் "சிங்கப்பூர்ப் பிள்ளைக்குத் தமிழ் வருமா?" என்பார்கள். இதையெல்லாம் தாராளமாகச் சொல். இதில் அடிபடுவது அவரவர் நினைப்பு மட்டும்தான்.

அத்தாவின் குழறல் வேறு விஷயம். வாடிக்கையாளரிடம் தமிழிலும் மலாயிலும் பேசிப் பேசியே பிழைத்தவருக்கு அந்தப் பேச்சே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவர் பட்ட பாட்டை அவர் இல்லாத அறையில் நடித்துக் காட்டியிருக்கிறாய். அவரிடம் கேட்டிருந்தால் ஒருவேளை சரி என்றிருப்பார். பக்கவாதத்தில் பேச்சு போனால் புத்தியும் போய்விட்டதாக நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பலருக்கு அப்படி ஆவதில்லை, உள்ளே எல்லாம் புரியும். அதனால் ஆமாம், இல்லை என்று தலையாட்டினால் போதும் என்கிற மாதிரி கேள். பதில் வரும்வரை காத்திரு, வாக்கியத்தை நீயாக முடித்துவைக்காதே. பேச முடியாத சிலர் பழகிய பாட்டைப் பாடிவிடுவதும் உண்டு. அத்தாவுக்குப் பிடித்ததை நீ ஆரம்பித்துப் பார். அவர் சிரித்தால் அந்தச் சிரிப்பு வீட்டோடு இருக்கட்டும், உடனே மேடைக்குக் கொண்டுபோய்விடாதே. அம்மாவிடம் விளக்கம் எதுவும் வேண்டாம், வீடியோவை நீக்கச் சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொல். நீக்கச் சொல்லிவிட்டு அப்புறம் சொல்.

இனி நீ கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியது. உன் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்தத் தூக்கம்தான். வீட்டு நிலையை ஜோக்காகச் சொல்லிச் சொல்லி, யாரும் உன்னைக் கூப்பிட்டு "சாப்பாட்டுக்கு, ஃபீஸுக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்காதபடி பார்த்துக்கொண்டாயோ என்று தோன்றுகிறது. சம்பாதித்தவர் படுத்துவிட்டார், ஒருவர் கூலியில் வீடு ஓடுகிறது. பக்கத்துப் பள்ளிவாசலில் ஸகாத் உதவிக்கு மனுப் போடலாம். சமூக சேவை அலுவலகத்தில் கம்கேர் என்ற அரசு உதவி கேட்கலாம். கல்லூரியிலும் உதவிநிதி இருக்கும். சுயஉதவி அமைப்புகளும் உண்டு: சிண்டா இந்தியர்களுக்கு, மெண்டாக்கி மலாய், முஸ்லிம் சமூகங்களுக்கு. எந்த வரிசையில் நின்றாலும் "நீ அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?" என்று கேட்கப்பட்ட நீ இந்த ஒரு இடத்திலாவது இரண்டு கதவையும் தட்டிப் பார்க்கலாம். விதிமுறை திட்டத்துக்குத் திட்டம் மாறும், நேரில் கேள்.

கை நீட்டுவதா என்று அம்மா தயங்கினால் ஊர்க்கதையை நினைவுபடுத்து. கடையநல்லூர்க்காரர்கள் 1941-ல் இங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று ஊர்ச் சங்கம் வைத்து, 1946-ல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். ஒருவர் பிள்ளையை இன்னொருவர் பார்த்துக்கொண்டதுதான் அந்த ஊர்க்காரர்களின் சிங்கப்பூர் வாழ்க்கை.

தூக்கம் இன்னும் சில வாரம் இப்படியே போனால் கல்லூரி ஆலோசகரையோ பலதுறை மருந்தகத்தையோ பார். ராத்திரி தாங்க முடியாமல் போனால் எஸ்ஓஎஸ் (SOS) மனநல உதவி எண் 1767-ஐக் கூப்பிடு, எந்நேரமும் எடுப்பார்கள்.

மாமாவுக்கு ஒட்டகக் கதையைப் பணிவாகச் சொல். அவரை வைத்து மட்டும் இப்போதைக்கு ஜோக் எழுதாதே, தாங்கமாட்டார்.