மனு ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்: கொரோனா ஊரடங்குக் காலத்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

முழு ஊரடங்கு முடியும்வரை குடும்ப வன்முறை மனு எதையும் எடுக்க மாட்டார்களாமே? – வாசகி, கொருக்குப்பேட்டை

யார் சொன்னது என்றும் எழுதியிருக்கலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவைக்கூட ஊரடங்கு ஆணை நிறுத்திவைக்கவில்லை. பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்தில் தரும் 12ஆவது பிரிவு மனுவின் முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள் வர வேண்டும். அவசரமென்றால், உங்கள் பிரமாணப் பத்திரத்தை மட்டும் வைத்தே, எதிர்த்தரப்பைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு தர 23ஆவது பிரிவு நடுவருக்கு (மாஜிஸ்திரேட்டுக்கு) அதிகாரம் தருகிறது.

தொற்றால் தனிமையில் இருக்கும் எதிர்வீட்டில் இரவெல்லாம் ஒரு பெண்ணின் அலறல் கேட்கிறது. அந்நியனான நான் தலையிடலாமா? – வாசகர், வியாசர்பாடி

தலையிடுங்கள். காவல்துறையின் 100ஐயோ பெண்கள் உதவி எண் 181ஐயோ அழையுங்கள். நல்லெண்ணத்தில் தகவல் தருபவர்மீது எந்த வழக்கும் பாயாது என்கிறது 4ஆவது பிரிவு.

மீன் ஏலம் நின்றதிலிருந்து கணவர் தினமும் அடிக்கிறார். மகளிர் காவல் நிலையத்தில், 'தொற்று நேரத்தில் எங்கே போவாய், அனுசரித்துப் போ' என்று இருவரிடமும் எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள். புகார் முடிந்துவிட்டதா? – வாசகி, காசிமேடு

முடியவில்லை, சகோதரி. அந்தச் சமாதானத் தாள், நீதிமன்றத்துக்குப் போகும் உங்கள் உரிமையைப் பறிக்காது. பல ஆண்டுகளாக இந்தத் தாளோடுதான் மல்லுக்கட்டுகிறேன். என்னிடம் வந்த ஒரு பெண், ரேஷன் அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் இப்படி 4 தாள்களை மடித்து வைத்திருந்தார். நான்கிலும் 'இனி இவ்வாறு நடக்காது' என்ற ஒரே வாசகம், கீழே கணவரின் கையெழுத்து, ஒவ்வொரு தாளுக்கும் நடுவே ஒரு மருத்துவமனைச் சீட்டு. பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், இந்தச் சட்டப்படி அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரை அணுகலாம், இலவச சட்ட உதவி பெறலாம், கணவரின் கொடுமைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 498அ பிரிவில் (2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆவது பிரிவில்) புகார் தரலாம் என்பதையெல்லாம் புகாரோடு வருபவரிடம் காவல் அலுவலர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 5ஆவது பிரிவு. ஆலோசனைக்கு அனுப்புவதும்கூட, வழக்கு தன்முன் வந்த பிறகு, 14ஆவது பிரிவின்படி நடுவர் செய்ய வேண்டிய வேலை. ஓடித் தப்பவும் வழியில்லாத நாட்களில், அடித்தவரோடு அதே வீட்டில் அடைபடச் சொல்வதை அனுசரணை என்று என்னால் ஏற்க முடியாது. காவல் நிலையத்தில் மனுவை எழுத்தில் கொடுங்கள், அதைப் பெற்றதற்கான மனு ரசீது வாங்குங்கள். மறுத்தால் காவல் துணை ஆணையருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள், அஞ்சலக ரசீதும் ரசீதுதான்.

நிறையக் கொடுமை அனுபவித்துவிட்டேன். வழக்கு ஜெயிக்குமா? – பெயர், ஊர் இல்லை

என்ன நடந்தது, எப்போது, யார் செய்தது என ஒரு வரியும் இல்லாமல் தீர்ப்பை மட்டும் கேட்டால் நான் என்ன சொல்ல முடியும்? தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதி, அதை அவர் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு, மறுபடி எழுதுங்கள். மனு கொடுத்திருந்தால் ரசீதின் எண்ணையும் சேருங்கள்.

வீடு மாமியார் பெயரில் இருக்கிறது. வேலையிழந்த கணவர் என்னை வெளியே போகச் சொல்கிறார். – வாசகி, புளியந்தோப்பு

பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீடு 'பகிர்ந்து வாழும் இல்லம்' ஆகலாம் என்று 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது குடியிருக்கும் உரிமை; சொத்தில் பங்கு என்று குழப்பிக்கொள்ளாதீர்கள். 19ஆவது பிரிவில் குடியிருப்பு உத்தரவு கேளுங்கள்.

ஆம்பூரிலிருந்து தாய்வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கே போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா? – வாசகி, திருவொற்றியூர்

வேண்டாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்தின் நடுவர் நீதிமன்றமே போதும். அது 27ஆவது பிரிவு. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள்: 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞரைத் தருகிறது. 15100ஐ அழையுங்கள்.