கவர் 2 என்று யார் சொன்னது?

கே: அமெரிக்கன் ஃபுட்பாலில் கவர் 2-ஐ (கடைசிக் காவலர்களான இரண்டு சேஃப்டிகள் ஆழத்தைப் பாதிப் பாதியாகக் காக்கும் முறை) உடைக்க ஒரே ஒரு பிளே சொல்லுங்கள்.

ப: எத்தனையாவது டவுன் (முயற்சி), எத்தனை யார்டு பாக்கி, ஒன்றும் எழுதவில்லை. போகட்டும், ஸ்மாஷ். வெளி ரிசீவர் (பந்தைப் பிடிப்பவர்) 5 யார்டில் ஹிட்ச் போட்டு, அதாவது சட்டெனத் திரும்பி, நிற்பார். ஸ்லாட்டில் (அவருக்கும் லைனுக்கும் நடுவில்) இருப்பவர் 12 யார்டு நேரே ஓடி மூலைப் பக்கம் திரும்புவார். குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) பார்க்க வேண்டியது கார்னரை (ஓரத்தைக் காப்பவர்) மட்டும்தான். அவர் ஹிட்ச் மேல் உட்கார்ந்தால் மேலே மூலைக்கு எறியுங்கள், பின்வாங்கினால் கீழே ஹிட்சுக்கு. இது கெடுவது பெரும்பாலும் ஸ்லாட் ஆளின் அவசரத்தால். 8 யார்டிலேயே திரும்பிவிட்டால், கார்னர் நடுவில் நின்று இரண்டு ரூட்டையும் பார்த்துக்கொள்வார்.

கே: கவர் 2-இன் இன்னொரு வகையான டாம்பா 2-வுக்கும் அதேதானா?

ப: செல்லும். ஆனால் நடு லைன்பேக்கர் (லைனுக்குப் பின்னால் நிற்கும் டிஃபென்ஸ் ஆள்) ஆழத்துக்கு ஓடுகிறாரே, அவர் விட்டுப்போன இடம்தான் அங்கே லாபம். 12 முதல் 15 யார்டில் ஒரு டிக் (நேரே ஓடி உள்ளே குறுக்காகத் திரும்பும் ரூட்), அல்லது டிரா (எறிவதுபோல் காட்டி, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கிடம் கொடுப்பது).

கே: கவர் 3-க்கு எதிராக நான்கு பேரையும் நேரே ஓடவிட்டால் போதும் என்கிறார்களே?

ப: ஆழத்தில் அவர்கள் மூவர், நீங்கள் நால்வர், கணக்கு சரி. உள்ளே ஓடும் இருவரும் ஹாஷுக்குச் (மைதான நடுவில் உள்ள சிறு கோடுகளின் வரிசை) சற்று வெளியே ஓட வேண்டும். நடுவை நோக்கிச் சரிந்தால் ஒரே சேஃப்டி இருவரையும் காப்பார். அதோடு, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைன் சுமார் 3 விநாடி தாங்க வேண்டும். தாங்காது என்றால் கீழேயே குட்டைப் பாஸாக அடியுங்கள். 2015 பிப்ரவரி சூப்பர் பவுலில் (அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இன் இறுதி ஆட்டம்) கவர் 3-க்குப் பேர்போன சியாட்டிலை நியூ இங்கிலாந்து அப்படித்தான் வென்றது. 10 புள்ளி பின்தங்கியிருந்தும் பதறவில்லை. குவார்ட்டர்பேக் பிரேடி எறிந்த 50-இல் 37 கைக்குச் சேர்ந்தன, அவற்றில் 11 ரன்னிங் பேக் வெரீனுக்கு. முடிவு 28-24.

கே: இரண்டு சேஃப்டிகளும் ஆழத்தில் நின்றார்கள். கவர் 2-தான் என்று மூலைக்கு எறிந்தோம், எதிரணி பிடித்து இன்டர்செப்ஷன் ஆனது. ஸ்மாஷ் பழைய சரக்காகிவிட்டதா?

ப: ஸ்மாஷ் மேல் பழி வேண்டாம். ஸ்நாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும் நொடி) முன் இரண்டு பேர் ஆழத்தில் நின்றால் அது கவர் 2 என்று யார் சொன்னது? அதே நிலையிலிருந்து குவார்ட்டர்ஸ் (ஆழத்தை நால்வர் பங்கிடுவது) வரும், அடியில் மேன்-டு-மேன் (ஆளுக்கு ஆள் காவல்) வரும், ஒரு சேஃப்டி இறங்கிவந்து கவர் 3 ஆகும், ஒரு பாதி கவர் 2, மறு பாதி குவார்ட்டர்ஸ் என்று கவர் 6-உம் வரும். டிஃபென்ஸ் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ பெயர் வாங்கியதே இந்த ஒளிப்பில்தான். 2020-இல் பிராண்டன் ஸ்டேலி லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் அதையே வைத்து ஆடிய பின் லீக் முழுக்கப் பரவிவிட்டது. உங்களுக்கு வந்தது அநேகமாகக் குவார்ட்டர்ஸ். அதில் கார்னரே ஆழத்துக்குப் போகிறார். நீங்கள் நேராக அவர் கையில் கொடுத்திருக்கிறீர்கள்.

முன்கூட்டியே கிடைப்பது துப்பு மட்டும்தான். கார்னர் 5 யார்டில் வெளிப்பக்கமாக நின்றால் கவர் 2 வாடை, 7-8 யார்டில் நின்றால் குவார்ட்டர்ஸ் வாடை. ஒருவரை மோஷனில் (ஸ்நாப்புக்கு முன் பக்கவாட்டில் ஓட) அனுப்பிப் பாருங்கள்: கூடவே ஒருவர் ஓடினால் பெரும்பாலும் மேன், ஆளாளுக்கு ஓரடி நகர்ந்தால் ஸோன் (ஆளை அல்ல, இடத்தைக் காப்பது). தீர்ப்பு ஸ்நாப்புக்குப் பிறகுதான். குவார்ட்டர்பேக் பின்வாங்கும் முதல் மூன்று அடிகளில் அவர் கண் சேஃப்டி மேல் இருக்கட்டும். இருவரும் பின்னோக்கி அகன்றால் கவர் 2. சுமார் 10 யார்டில் கால் பதித்து ஸ்லாட் ஆளையே பார்த்தால் குவார்ட்டர்ஸ். ஒருவர் நடுவுக்கும் ஒருவர் கீழேயும் போனால் கவர் 3 அல்லது கவர் 1 (ஆழத்தில் ஒரே சேஃப்டி, மற்றவர்கள் மேன்).

குவார்ட்டர்ஸுக்கு மருந்து மில்ஸ் என்ற பிளே. ஸ்லாட் ஆள் டிக், வெளி ரிசீவர் அவருக்குப் பின்னால் போஸ்ட் (ஆழத்தில் நடுப்பக்கம் சரியும் ரூட்). சேஃப்டி டிக்கைக் கடித்தால், அதாவது அதை நோக்கி இறங்கினால், அவர் தலைக்கு மேல் எறியுங்கள். கார்னர் வெளிப்பக்கம் காத்து நிற்பதால் உள்ளே உதவிக்கு ஆளில்லை. சேஃப்டி கடிக்கவில்லையா, டிக்குக்கே கொடுங்கள். அடம்பிடித்து போஸ்ட்டுக்கு எறிய வேண்டாம்.

கே: ஓட்டத்தை முதலில் நிலைநாட்டினால்தானே பிளே ஆக்‌ஷன் (ஓட்டம்போல் காட்டி எறிவது) பலிக்கும்?

ப: இல்லை. லைன்பேக்கர் பார்ப்பது ஸ்கோர் அட்டையை அல்ல, உங்கள் லைன் ஆட்கள் குனிந்து முட்டுகிறார்களா என்பதை.

கே: கவர் 0 பிளிட்ஸ் (ஆழத்தில் யாரையும் வைக்காமல் கூடுதல் ஆட்கள் குவார்ட்டர்பேக் மேல் பாய்வது) வந்தால்?

ப: எண்ணுங்கள். லைன் 5, ரன்னிங் பேக் 1, ஆக 6. வருவது 7 என்றால் ஒருவர் தடையின்றி வந்தே தீருவார். அவர் கடைக்கோடி ஆளாக இருக்கட்டும். உள்ளேயிருந்து வெளியே தடுத்துக்கொண்டு வாருங்கள், நடுவை ஒருபோதும் திறந்துவிடாதீர்கள். 2 விநாடிக்குள் ஸ்லான்ட் (சாய்வாக உள்ளே வெட்டும் குட்டை ரூட்). பின்னால் சேஃப்டியே இல்லை, பிடித்தவர் ஓடிவிடுவார்.

கே: மேன்-டு-மேனுக்கு எதிராக மெஷ் (இரு ரிசீவர்கள் எதிரெதிராகக் குறுக்கே கடப்பது) ஓடினால் எங்களுக்கே ஃபிளாக் (நடுவரின் தவறுக் கொடி) விழுகிறது.

ப: உங்கள் ஆள் ரூட்டை மறந்து எதிராளியைத் தேடிப் போய் இடிக்கிறார். என்.எஃப்.எல். விதியில் ஸ்கிரிமேஜ் கோட்டிலிருந்து (பந்து வைக்கப்பட்ட கோடு) ஒரு யார்டு வரை முட்டலாம், அதைத் தாண்டினால் 10 யார்டு தண்டம். மெஷ்ஷில் இருவரும் 5-6 யார்டு ஆழத்தில், கைகுலுக்கும் நெருக்கத்தில் கடந்தால் போதும். துரத்துகிறவர் சுற்றித்தான் போக வேண்டும்.

கே: 1985 சிகாகோ பேர்ஸ் அணியின் 46 டிஃபென்ஸை யாராலும் உடைக்க முடியவில்லையாமே?

ப: மயாமி உடைத்தது, 38-24. அந்த சீசனில் பேர்ஸின் ஒரே தோல்வி. மயாமி பயிற்சியாளர் டான் ஷூலா மூன்றாவது ரிசீவராக நாட் மூரை ஸ்லாட்டில் நிறுத்தினார். பாக்ஸில் (லைனை ஒட்டிய நடுப்பகுதி) ஆளைக் குவித்திருந்த டிஃபென்ஸ், ரிசீவரைக் காக்கப் பழக்கமில்லாத ஆளை அவர் பின்னால் அனுப்ப வேண்டியதாயிற்று. குவார்ட்டர்பேக் மரீனோ பந்தைச் சீக்கிரம் விட்டார், பாக்கெட்டையும் (லைன் அவரைச் சுற்றி அமைக்கும் காப்பு வளையம்) நகர்த்திக்கொண்டே இருந்தார். இன்று மூன்று ரிசீவர் என்பது எல்லா அணிக்கும் தினசரிச் சாப்பாடு. 46-ஐ முழு ஆட்டத்துக்கும் போட யாரும் துணிவதில்லை.

கே: இதெல்லாம் 5 பேர் ஆடும் ஃபிளாக் ஃபுட்பாலில் (மோதி வீழ்த்தாமல் இடுப்புக் கொடியைப் பறிக்கும் வகை) எடுபடுமா?

ப: ஸ்மாஷ் எடுபடும். எதிராளியை உடலால் முட்டித் தடுக்கும் பிளாக்கிங்கை மறந்துவிடுங்கள், அங்கே அதற்கு அனுமதியே இல்லை. மற்றபடி அங்கேயும் கண் சேஃப்டி மேல்தான், ஸ்நாப்புக்குப் பிறகு.