துருப்பிடித்த பெல்லட் அடுப்பு: வாங்கலாமா, விடலாமா?

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் வண்டிப்பெரியாறில் மெஸ் நடத்துகிறோம். எஸ்டேட் ஆட்கள், லாரிக்காரர்கள் என்று மதியம் ஐம்பது, அறுபது சாப்பாடு போகும். கேஸ் செலவு கட்டுப்படியாகவில்லை. குமுளியில் மூடிப்போன ஓட்டல் ஒன்றின் பெல்லட் அடுப்பை (மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் கட்டிகளை எரிப்பது) அதன் முதலாளி 9,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். இரண்டு மழைக்காலம் ஷெட்டில் கிடந்திருக்கிறது; உடம்பெல்லாம் துரு. "பெயின்ட் அடிச்சா புதுசு" என்கிறார். வாங்கலாமா? வாங்கிய பிறகு கோளாறு தெரிந்தால் நுகர்வோர் கோர்ட்டில் கேட்க முடியுமா?
- வாசகி, வண்டிப்பெரியாறு

பதில்: பெயின்ட் கதையை விடுங்கள். அடுப்பைக் கடைசியாக அணைத்த அன்று சாம்பலை அள்ளினார்களா என்று கேளுங்கள். அவர் தலையைச் சொறிந்தால் பாதி பதில் கிடைத்துவிட்டது.

விறகுச் சாம்பலில் பொட்டாசியம் உப்புகள் உண்டு. இடவப்பாதி மழையில் (ஜூனில் தொடங்கும் பருவமழை) அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு, கசகசவென்று இரும்போடு ஒட்டிக் கிடக்கும். பொங்கி வழிந்த கஞ்சியும் சாம்பாரும் அதோடு சேரும். சிம்னிக்குத் தொப்பி இல்லையென்றால் மழைத் தண்ணீரும் நேராக உள்ளே இறங்கியிருக்கும். வெளியே தெரிகிற துரு கண்ணை உறுத்தும், அவ்வளவுதான். அடுப்பை முடிப்பது உள்ளே இருக்கிற துரு.

ஓட்டல் பெல்லட் அடுப்புக்குப் பெரும்பாலும் இரண்டு சுவர். நெருப்பு எரிகிற உள்சட்டி, அதைச் சுற்றி வெளி உடம்பு, நடுவே ப்ளோயர் காற்று ஓடுகிற இடைவெளி. கீழ்த் துளைகள் வழியாக வரும் காற்று பெல்லட்டை எரிக்கும். மேல் துளைகள் வழியாக வருவது, கிளம்புகிற புகையையும் சேர்த்து எரித்துவிடும். உள்சட்டியில் ஓட்டை விழுந்தால் காற்று அந்தச் சுலபமான வழியிலேயே பாய்ந்துவிடும். மேல் துளைகளுக்குப் போய்ச் சேராது. அப்புறம் கறுப்புப் புகை, கரிபிடித்த பாத்திரம், கூடவே கார்பன் மோனாக்சைடு. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மார்கழிக் குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கிற ஊரில் இது விளையாட்டுக் காரியம் இல்லை.

பார்க்கப் போகும்போது தெரிந்த வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். கம்பி பிரஷ், ஸ்க்ரூ டிரைவர், டார்ச், ஊதுபத்தி, ஒரு காந்தம் போதும். சாம்பலை முழுக்க அள்ளிவிட்டு, உள்சட்டியை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் இடம் விடாமல் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். அரித்த தகடு பொத்தென்று கேட்கும். பொத்தென்ற இடத்தில் முனையை வைத்து நன்றாக அழுத்துங்கள். பிரஷ் போட்டதும் பொடி உதிர்ந்து அடியில் வெள்ளையாக இரும்பு தெரிந்தால் அது வெறும் மேல்துரு. அப்பளம் மாதிரிச் செதில் செதிலாகக் கையோடு வந்தால் தகட்டின் கனமே போய்விட்டது என்று அர்த்தம். அடித்தட்டு, வெல்டிங் தையல்கள், சாம்பல் அறையின் மூலைகள் இவைதான் முதலில் போகும். அவசரமாகப் பார்க்கிறவர்கள் குனியாமல் விடுவதும் இவற்றைத்தான். பிறகு ஷெட்டை இருட்டாக்கி, டார்ச்சை உள்ளே எரியவிட்டு வாயை மூடி, சுற்றிவந்து பாருங்கள். வெளிச்சம் ஒழுகுகிற இடத்தில் புகையும் ஒழுகும்.

"உள்ளே எல்லாம் எஸ்.எஸ்." (துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று அவர் சொன்னால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். 304 ரகத்தில் காந்தம் பிடிக்காது, பிடித்தாலும் லேசாகத்தான். கப்பென்று பிடித்தால் சாதா இரும்பு, இல்லையென்றால் மலிவு ரக எஸ்.எஸ்.

ஓட்டிக் காட்டுகிறேன் என்று உடனே சுவிட்சைப் போடுவார். விடாதீர்கள். ஈரம் குடித்த பெல்லட் உப்பி, திரும்ப மரத்தூளாகி, தீனி போடுகிற ஸ்க்ரூவைச் சுற்றிக் கட்டியாக இறுகியிருக்கும். அதோடு ஓட்டினால் மோட்டார் காயில் கருகும். முதலில் தோண்டி எடுத்து, ஸ்க்ரூவும் ப்ளோயர் விசிறியும் தங்குதடையில்லாமல் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். எலக்ட்ரீஷியனை மெகர் (கரன்ட் கசியுமா என்று பார்க்கும் கருவி) வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஈரத்தரையில் நின்று தொடப்போகிற இரும்பு இது; எர்த்தும், கரன்ட் கசிந்தால் தானே நிறுத்திவிடும் இ.எல்.சி.பி.யும் இல்லாமல் எந்த அடுக்களைக்குள்ளும் வரக்கூடாது.

அப்புறம் ஒரு மணி நேரமாவது எரித்துப் பாருங்கள். சூடேறித் தகடு விரிந்தால்தான் சில விரிசல்கள் தெரியும். ப்ளோயர் ஓடும்போது தையல் ஓரமாக ஊதுபத்தியைக் கொண்டு போங்கள். புகை சட்டென்று விலகினால் அங்கே காற்று வெளியேறுகிறது. நடுவில் ஒரு தடவை கரன்ட்டை நிறுத்திப் பாருங்கள். ப்ளோயர் நின்றதும் புகை ஹாப்பர் (பெல்லட் கொட்டிவைக்கும் பெட்டி) பக்கம் திரும்பினால், மழையில் கரன்ட் போய்ப் போய் வருகிற உங்கள் ஊருக்கு இன்வெர்ட்டர் இல்லாமல் அது உதவாது.

எதைச் சரிசெய்யலாம்? வெளி உடம்பில் ஓட்டை என்றால், அரித்த பாகத்தை நல்ல தகடு வரைக்கும் வெட்டிவிட்டு 3 மி.மீ. தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். மெலிந்த தகட்டின் மேலேயே ஒட்டுப் போட்டால் வெல்டிங் சூட்டில் பக்கத்தில் இன்னொரு ஓட்டை விழும். மேல்துருவுக்குத் தேய்த்துவிட்டு சூடு தாங்கும் அலுமினிய பெயின்ட். எம்-சீல் நெருப்புப் பக்கம் நிற்காது. உள்சட்டி போயிருந்தால் ஒட்டுப் போடுவதே வீண், மாற்றத்தான் வேண்டும். அதே அளவில் கிடைக்குமா என்று வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். கிடைக்காது என்றால் பேரமே வேண்டாம்.

விலைக்கு என் கணக்கு இது. ஆக்கிரிக் கடையில் (பழைய இரும்புக் கடை) எடைக்கு என்ன தருவார்களோ, அதோடு ஓடுகிற மோட்டாருக்கும் ப்ளோயருக்கும் பழைய விலை. உள்சட்டி கெட்டி என்றால் மட்டும் மேலே ஏறுங்கள். ஒரு கிலோ கேஸ் தருகிற சூட்டுக்கு ஏறக்குறைய மூன்று கிலோ பெல்லட் வேண்டும். 19 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஈடாக 55, 60 கிலோவாவது போகும். மலையேற்றி வரும் லாரி வாடகையையும், நனையாமல் அடுக்க இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு லாபம் நிற்கிறதா என்று பாருங்கள்.

கோர்ட் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இருவரும் பிழைப்புக்காகவே நடத்துகிற மெஸ் என்பதால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் நுகர்வோர்தான். ஆனால் அவர் வியாபாரி இல்லையே! தன் பழைய சாமானை ஒரு தடவை விற்கிறவர் மேல் அந்தச் சட்டத்தில் வழக்கு நிற்பது கஷ்டம். பழைய சாமான் வியாபாரியிடம் வாங்கியிருந்தால் கதை வேறு: உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது, நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தும் சொல்லலாம். இன்னொன்று, 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு. வாங்குகிறவர் பொருளைப் பரிசோதித்து வாங்கினால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பிறகு வந்து கேட்க முடியாது. இத்தனை துருவைப் பார்த்துவிட்டு வாங்கிய நீங்கள் "துரு" என்று போய் நிற்க முடியாது. அதனால் "உள்சட்டியில் ஓட்டை இல்லை, மோட்டார் ஓடுகிறது" என்று அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு வாங்குங்கள். பணத்தைக் கையில் தராமல் ஜி-பேயில் போடுங்கள்.

கேள்வி: எங்கள் பெல்லட் அடுப்பில் துருவேறிவிட்டது. பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றினால் சுத்தமாகப் போகும் என்கிறார்கள். செய்யலாமா?
- வாசகர், மறையூர்

பதில்: வேண்டாம். துரு போகும், ஆனால் ஆசிட் தையல் இடுக்குகளில் தங்கி, அதிலுள்ள குளோரைடு அடுத்த மாதமே அதைவிட மோசமாக அரிக்கும். ஆவியும் நெஞ்சுக்கு ஆகாது. கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டுத் தேயுங்கள், மாஸ்க் கட்டிக்கொள்ளுங்கள். கழன்று வராத போல்ட்டுக்கு டபிள்யூ.டி-40 என்கிற துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் பற்றவைப்பதற்கு முன் அந்த எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.