டாலி சாட்ஸ் காட்டுல டென்ட் போடறது பத்தி கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

வெஸ்ட் வர்ஜீனியால இருக்கற மோனோங்கஹேலா நேஷனல் ஃபாரஸ்டுக்கு 11 வருஷமா போயிட்டு வரேன், பாதி தடவை தனியா, பாதி தடவை வீட்டு ஆளுங்களோட. டாலி சாட்ஸ் அந்த ஃபாரஸ்டுக்குள்ள இருக்கற ஒரு மலைமேட்டுப் பகுதி. கேம்ப்கிரவுண்ட் கிடையாது, காசு கிடையாது, நாமளே நடந்து போய் இடம் பார்த்து டென்ட் போட்டு தங்கறது, இதைத்தான் டிஸ்பர்ஸ்டு கேம்பிங்னு சொல்றாங்க. கக்கூஸ், குழாய், குப்பைத்தொட்டி ஒண்ணும் இருக்காது. வாஷிங்டன் டிசி பக்கத்துல இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் இதைப்பத்தி கேட்டுட்டே இருக்காங்க, அதனால இன்னைக்கு ஒரே மூச்சுல பதில் சொல்லிடறேன். எந்த கம்பெனி டென்ட் வாங்கலாம்ங்கற கேள்வி மட்டும் வேண்டாம், கடையில போய் தொட்டுப் பார்த்து வாங்குங்க.

ஆஷ்பர்ன்ல இருந்து: அக்கா, பர்மிட் எங்க வாங்கணும்? எவ்வளவு ஆகும்?

பர்மிட் வேண்டாம், ரிசர்வேஷன் வேண்டாம், பணமும் வேண்டாம். நேஷனல் பார்க் வேற நேஷனல் ஃபாரஸ்ட் வேற, இதை மொதல்ல மனசுல வாங்கிக்கோங்க. பார்க் உள்துறை கையில இருக்கு, ஃபாரஸ்ட் விவசாயத்துறை கையில. ஷெனண்டோவா பார்க்ல காட்டுக்குள்ள ராத்திரி தங்க பர்மிட் வேணும், மோனோங்கஹேலால வேண்டாம். இது எப்படி வந்துச்சுன்னா, 1900 வாக்குல கம்பெனிக்காரங்க மலை மலையா மரத்தை வெட்டி மொட்டையடிச்சுட்டாங்க, கீழ ஊர்கள்ல வெள்ளம் வந்துச்சு, 1911ல வீக்ஸ் சட்டம்னு ஒண்ணு போட்டு அந்த நிலத்தையெல்லாம் அரசாங்கமே விலைக்கு வாங்க ஆரம்பிச்சுது. அப்படி வாங்கின நிலம்தான் 1920ல மோனோங்கஹேலா ஃபாரஸ்ட் ஆச்சு. அதனால இங்க வேட்டை உண்டு, மரம் வெட்டறது உண்டு, தடை இல்லாத இடத்துல நாமளே பார்த்து தங்கறதும் உண்டு. ஒரே இடத்துல பொதுவா 14 நாள் வரைக்கும் இருக்கலாம். டாலி சாட்ஸ்ல வில்டர்னஸ்னு, அதாவது இயற்கையா அப்படியே விடணும்னு சட்டம் போட்டு ஒதுக்கின பகுதி இருக்கு, அந்த எல்லைக்குள்ள ஒரு குரூப்ல 10 பேருக்கு மேல கூடாது.

ஹெர்ண்டன்ல இருந்து: நாங்க 24 பேர், ஆறு கார். மூணு எட்டா பிரிஞ்சு போயிட்டு உள்ள போய் சேர்ந்துக்கலாமா?

கூடாது. ராத்திரி சேர்ந்து ஒரே இடத்துல படுத்தா அது 24 பேர் குரூப்தான். நிஜமாவே தனித்தனியா, வேற வேற இடத்துல தங்குங்க, இல்லாட்டி வில்டர்னஸ் எல்லைக்கு வெளிய குரூப் கேம்ப்கிரவுண்ட் புக் பண்ணிக்கோங்க.

பேர் போடாம ஒருத்தங்க: கேக்க கூச்சமா இருக்கு, காலைக்கடனுக்கு என்ன பண்ணறது? பேப்பர் நமக்கு பழக்கமில்லை.

இதுல கூச்சமே வேண்டாம், காடு நாறிப்போறதுக்கு பெரிய காரணமே யாரும் இதை வாய் திறந்து கேக்காததுதான். மண் தோண்டற சின்ன கைக்கரண்டி ஒண்ணு வாங்கிக்கோங்க. ஓடை, பாதை, டென்ட் எல்லாத்துல இருந்தும் 200 அடி தள்ளிப் போகணும், பெரியவங்க நடைக்கு எழுபது தப்படி. 6ல இருந்து 8 அங்குலம் ஆழம் தோண்டி, முடிச்சுட்டு அதே மண்ணால மூடிடணும். தண்ணில கழுவற பழக்கம் இங்க நமக்கு பெரிய வசதி, பேப்பர் புதைக்கவும் வேண்டாம் சுமக்கவும் வேண்டாம். ஆனா கழுவறதுக்கு ஓடைக்குப் போகக்கூடாது, பாட்டில்ல தண்ணி எடுத்துட்டு குழிகிட்ட போகணும். பாட்டில் மூடியில ஓட்டை போட்டா போதும், நல்லா பீச்சும். டாலி சாட்ஸ் மேல்தட்டுல நிறைய இடத்துல ரெண்டு அங்குலத்துலயே பாறை தட்டும், அப்போ வேற இடம் தேடுங்க, அப்படியே விட்டுட்டு மேல கல்லைத் தூக்கி வைக்காதீங்க. சோப்பும் அப்படித்தான், "மக்கற சோப்பு"ன்னு எழுதியிருந்தாலும் ஓடைக்குள்ள போடக்கூடாது.

காக்கீஸ்வில்ல இருந்து: சாப்பாடு? ரெண்டு நாளைக்கு எவ்வளவு கேஸ் வேணும்?

அரிசி வேண்டாம், வேகறதுக்குள்ள கேஸ் தீர்ந்துடும். அவல் எடுத்துட்டுப் போங்க. தாளிப்பை வீட்லயே பண்ணி, ஆறவிட்டு அவலோட கலந்து ஜிப்லாக்ல போட்டுக்கிட்டா அங்க சுடுதண்ணி ஊத்தி மூடி வச்சா போதும். மொத நாள் மத்தியானத்துக்கு புளியோதரை. காலையில சத்துமாவு கஞ்சி. இப்படின்னா ரெண்டு பேருக்கு ரெண்டு நாளைக்கு சின்ன கேன், அந்த 110 கிராம், தாராளம்.

அதே ஆள்: மசாலா வாசனைக்கு கரடி வராதா?

கரடிக்கு எல்லா சாப்பாடும் வாசனைதான், பற்பசையும் வாசனைதான். இங்க இருக்கறது கருங்கரடி மட்டும், வெஸ்ட் வர்ஜீனியாவோட மாநில விலங்கே அதுதான். டென்ட்டுக்குள்ள ஒரு பிஸ்கட் கூட வேண்டாம். சமைக்கறது, சாப்பாட்டை வைக்கறது எல்லாம் டென்ட்ல இருந்து 200 அடி தள்ளி. ஒண்ணு கரடியால திறக்க முடியாத டப்பா, இல்லாட்டி கயிறு போட்டு தரையில இருந்து 12 அடி உசரத்துல, அடிமரத்துல இருந்து 4 அடி தள்ளி தொங்கவிடணும். கரடி நேர்ல வந்துட்டா ஓடாதீங்க, கையைத் தூக்கி பெருசா நின்னு சத்தம் போடுங்க.

ஃபிரெடரிக்ல இருந்து: ரிசர்வேஷன் எந்த சைட்ல பண்ணறது அக்கா?

மொதல் பதில்.

ரெஸ்டன்ல இருந்து: போன்ல மேப் வேலை செய்யுமா?

சிக்னல் இருக்காதுன்னே வச்சுக்கோங்க. மலை மடிப்பு ஒரு காரணம். அது போக கிரீன் பேங்க்ல பெரிய ரேடியோ டெலஸ்கோப் இருக்கறதால 1958ல இருந்து சுத்துவட்டாரம் 13,000 சதுர மைல் ரேடியோ அமைதி மண்டலம், அதாவது டவர் வைக்க கட்டுப்பாடு இருக்கற இடம், மோனோங்கஹேலால பெரும்பகுதி அதுக்குள்ள வருது. ஃபாரஸ்ட் மேப்பை வீட்ல இருக்கும்போதே அவென்ஸாங்கற மேப் ஆப்ல இறக்கிக்கோங்க, சிக்னல் இல்லாட்டியும் ஜிபிஎஸ் புள்ளி காட்டும். கூடவே பேப்பர் மேப்பும் திசைகாட்டியும் வேணும், ஏன்னா வில்டர்னஸ்க்குள்ள மரத்துல பெயின்ட் அடையாளம் இருக்காது, மான் போன தடத்தை பாதைன்னு நினைச்சு போயிடுவோம். எங்க போறோம், எப்போ திரும்புவோம்னு ஒருத்தர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

எல்லிகாட் சிட்டில இருந்து: அங்க குண்டு கிடக்கும்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். 1943, 44ல ரெண்டாம் உலகப்போருக்காக ராணுவம் டாலி சாட்ஸ்ல மோர்ட்டார்ங்கற சின்ன பீரங்கி சுட்டு பழகினாங்க. 1997ல பாதைகளையும் தங்கற இடங்களையும் ஆள் விட்டு தேடினதுல 15 குண்டு கிடைச்சுது, சிலது இன்னும் வெடிக்கக்கூடியது. வித்தியாசமா துருப்பிடிச்ச இரும்பு எதைப் பார்த்தாலும் தொடாதீங்க, இடத்தை குறிச்சுட்டு விலகி வந்து போலீஸ்க்கு சொல்லுங்க. குழந்தைகளுக்கு இதை கார்லயே சொல்லி கூட்டிட்டுப் போங்க.

சாண்டிலில இருந்து: கேம்ப்ஃபயர் போடலாம்ல? அது இல்லாம என்ன கேம்பிங்?

தடை அறிவிப்பு இல்லாத நாள்ல போடலாம், ஏற்கெனவே இருக்கற கல் வட்டத்துல, கீழ விழுந்து காஞ்ச, மணிக்கட்டு தடிமனுக்குள்ள இருக்கற குச்சியை வச்சு. வீட்ல இருந்து விறகு எடுத்துட்டு வராதீங்க, மரத்தைக் கொல்ற வண்டு அதுல ஒளிஞ்சு வரும். ஆனா டாலி சாட்ஸ் மேல்தட்டுல நான் தீ போடறதே இல்லை, ஸ்டவ் மட்டும்தான். உங்களையும் அதையே கேட்டுக்கறேன்.

அதே ஆள்: ரொம்ப பயமுறுத்தறீங்க அக்கா. எங்க தாத்தா வருசநாட்டுப் பக்கம் காட்டுலதான் இருந்தார், தினமும் தீ மூட்டி சமைச்சு, போகும்போது மண்ணள்ளிப் போட்டு மூடிட்டுப் போவார். ஒரு தடவை கூட காடு பத்தினதில்லை. மண்ணு போட்டா தீ அணைஞ்சுடும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தம்பி, உங்க தாத்தா மேல எனக்கு மரியாதை உண்டு, அவர் காடு அவருக்குத் தெரியும். ஆனா உங்க பாட்டி அடுப்படியில என்ன பண்ணினாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ராத்திரி சமையல் முடிஞ்சதும் தணலை ஒதுக்கி மேல சாம்பலைப் போட்டு மூடி வைப்பாங்க, காலையில கிளறி ஊதினா செக்கச்செவேல்னு இருக்கும், தீப்பெட்டி செலவு மிச்சம். மூடினது நெருப்பை அணைக்கறதுக்கா, காப்பாத்தறதுக்கா? நீறு பூத்த நெருப்புன்னு நம்ம வாய்லயே இருக்கே. மண்ணும் அதேதான் பண்ணும், சூட்டை வெளிய விடாம போர்த்தி வைக்கும்.

இப்போ டாலி சாட்ஸ் மண்ணுக்கு வாங்க. அங்க முன்னாடி சிவப்பு ஸ்ப்ரூஸ் மரங்கள் அடர்ந்து நின்ன காடு. கீழ நூத்துக்கணக்கான வருஷமா இலையும் ஊசியும் விழுந்து மக்கி பல அடி கனத்துக்கு மெத்தை மாதிரி இருந்துச்சு. மரத்தை வெட்டினதும் வெயில் பட்டு அந்த மெத்தை காஞ்சுது, தீ பிடிச்சுது, மரம் மட்டும் எரியலை, மண்ணே எரிஞ்சுது, அடிப்பாறை தெரியற வரைக்கும். டாலி சாட்ஸ்ல பேர் ராக்ஸ்ங்கற பாறைமேட்டுல நின்னு பார்க்கறோமே அந்த வெட்டவெளி, வெள்ளைப் பாறை, குட்டை புதர், எல்லாரும் அழகுன்னு போட்டோ எடுக்கறது, அதுல பெரும்பகுதி வெந்த புண்ணு ஆறின தழும்பு. நூறு வருஷம் ஆயும் மண்ணு திரும்பலை. மிச்சம் இருக்கற ஸ்ப்ரூஸ் திட்டுகளுக்கு அடியில இன்னும் அதே மாதிரி மக்கு மெத்தைதான், எரியற மண்ணு. அதை அள்ளி தணல் மேல போட்டா என்ன ஆகும்?

ஜெர்மன்டவுன்ல இருந்து: சாண்டிலி அண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்கே. அங்க எப்பவும் மழை, ஈரம். இவ்வளவு பயம் எதுக்கு?

மூணு வருஷம் முன்னாடி அக்டோபர்ல ரெட் கிரீக்ங்கற ஓடை பக்கம் சாயந்திரம் ஒரு இடத்துல டென்ட் போட இறங்கினேன். கல் வட்டம், மேல மண்ணும் பாசியும் அழகா மூடி வச்சிருந்தாங்க, ஆள் யாரும் இல்லை. பையை இறக்கி வச்சுட்டு உக்கார கை ஊனினேன், தரை வெதுவெதுன்னு இருந்துச்சு. கைக்கரண்டியால கிளறினா அரையடிக்குக் கீழ தணல். அதை விட மோசம், வட்டத்துக்கு வெளிய ஒரு முழம் தள்ளி ஒரு வேர் வழியா புகை நூல் மாதிரி வந்துட்டு இருந்துச்சு. ஓடைக்கும் அதுக்குமா சமையல் பாத்திரத்துலயும் ரெண்டு பாட்டில்லயும் தண்ணி சுமந்து ஊத்தினேன், வேர் போன வழியெல்லாம் தோண்டி ஊத்தினேன், முடிக்கறதுக்குள்ள இருட்டிடுச்சு. முந்தின நாள் மழை பேஞ்ச காடு அது. மேல ஈரம் இருக்கறதால உள்ள ஈரம்னு அர்த்தம் இல்லை. மூடிட்டுப் போனவங்க கெட்டவங்க இல்லை, சரியாத்தான் பண்ணறோம்னு நம்பி மூடியிருக்காங்க, அதுதான் எனக்கு தாங்கலை.

பாய்ட்ஸ்ல இருந்து: ஏப்ரல் கடைசில வரோம், ஜாக்கெட் தேவையா? பர்மிட்டும் சொல்லுங்க.

பர்மிட் பத்தி இனிமே பதில் இல்லை. ஜாக்கெட் கட்டாயம். அது 4,000 அடி உசரம், மே மாசத்துல கூட பனி விழும். பருத்தி வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். என் மொத டிரிப்ல தம்பி ஜீன்ஸும் காட்டன் ஹூடியுமா வந்தான், மழை, மேல காத்து. ஒரு மணி நேரத்துல பேச்சு குழற ஆரம்பிச்சுது, ஜாக்கெட் ஜிப்பைப் பிடிக்க விரல் மடங்கலை. "எனக்கு குளிரலைக்கா"ன்னு வேற சொன்னான், அப்போதான் எனக்கு அடிவயிறு கலங்குச்சு. ஈரத்துணியை கழட்டி ஸ்லீப்பிங் பேக்ல போட்டு சூடா சர்க்கரைத் தண்ணி கொடுத்து மீட்டோம். அன்னைக்கு வெளிய 8 டிகிரி செல்சியஸ்தான், உறைபனி கூட இல்லை.

ஆஷ்பர்ன்ல இருந்து: ஓடைத் தண்ணி டீ கலர்ல இருக்கே, குடிக்கலாமா?

சதுப்புல ஊறி வர்ற சாயம் அது, கெடுதல் இல்லை, ஆனா ஃபில்டர் பண்ணாம எதையும் குடிக்காதீங்க, இல்லாட்டி ஒரு நிமிஷம் கொதிக்க வைங்க. ராத்திரி உறையும்னா ஃபில்டரை ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள வச்சுக்கோங்க, உறைஞ்சா உள்ள குழாய் வெடிச்சுடும், வெளிய பார்த்தா தெரியாது. அப்புறம் மழை பேஞ்சு ரெட் கிரீக் ஏறியிருந்தா தாண்டவே தாண்டாதீங்க. திங்கக்கிழமை ஆபீஸ் போக முடியாட்டி போகட்டும், கரையிலயே இருங்க.

ஸ்டெர்லிங்ல இருந்து: ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, அப்பாவுக்கு முட்டி வலி. அவங்களை கூட்டிட்டுப் போக முடியுமா?

தாராளமா. டாலி சாட்ஸ்ல நடக்க விடாதீங்க, கல்லும் சேறும். அதே ஃபாரஸ்ட்ல கேண்டி கிரீக்ங்கற ஓடை ஓரமா காரை நிறுத்திட்டு பக்கத்துலயே டென்ட் போடற இடங்கள் இருக்கு. எல்கின்ஸ்ல ஃபாரஸ்ட் ஆபீஸ் இருக்கு, போன் போட்டு ரோடு திறந்திருக்கான்னு கேட்டுக்கோங்க, குளிர்காலத்துல சில ரோட்டை பூட்டிடுவாங்க. அம்மாவுக்கு மடக்கு நாற்காலி, ரெண்டு கம்பளி. நவம்பர் தேங்க்ஸ்கிவிங் வாரம் மட்டும் வேண்டாம், மான் வேட்டை சீசன், துப்பாக்கிச் சத்தம் கேட்டுட்டே இருக்கும்.

சாண்டிலில இருந்து: சரிக்கா. பாட்டி அடுப்பு விஷயம் அம்மாகிட்ட கேட்டேன், அப்படியேதான் சொன்னாங்க. கீழ ரோட்டோரம் தீ போட்டா எப்படி அணைக்கணும், அதை மட்டும் சொல்லுங்க.

தூங்கப் போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே புதுக்குச்சி போடறதை நிறுத்திடுங்க, எல்லாம் சாம்பலாகட்டும். தீ மூட்டறதுக்கு முன்னாடியே பத்து லிட்டர் தண்ணி பக்கத்துல வச்சுக்கோங்க. மொதல்ல பாதியை ஊத்துங்க, சீத்துங்கற சத்தம் நிக்கற வரைக்கும். அப்புறம் குச்சியால அடி வரைக்கும் கிளறுங்க, கல்லையும் புரட்டுங்க, அடியில தணல் ஒட்டிட்டு இருக்கும். மறுபடி ஊத்துங்க, மறுபடி கிளறுங்க, கஞ்சி மாதிரி ஆகணும். கடைசில புறங்கையை மெதுவா கிட்ட கொண்டு போங்க, சூடு தெரியலைன்னா சாம்பலுக்குள்ளயே வைங்க. கை வைக்க முடியலைன்னா இன்னும் அணையலை.